நவம்பர் 20க்கு மேல் ஆர்டர் இல்லை

(பட்டிமன்றத் தலைப்பு: கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் காலத்தில் கைப்பின்னல் தொழில் நிலைப்பது, வருகிற ஆர்டரையெல்லாம் ஏற்பதாலா, போதும் என்று நிறுத்துவதாலா? ‘நிறுத்துவதாலே’ அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குன்னூர்க் குளிரில் இரவு எட்டு மணிக்கும் கலையாமல் அமர்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் எழுந்ததும் “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்றார். அரங்கம் அதிர்ந்தது. நானும் கை தட்டினேன். ஐயா, தூற்றுவதற்கு முன்னால் நெல் விளைந்திருக்க வேண்டும். அறுத்திருக்க வேண்டும், அடித்திருக்க வேண்டும். களத்தில் குவித்து வைத்தவனுக்குத்தான் காற்று லாபம். எங்கள் தொழிலில் ஆர்டர் வந்த பிறகுதான் ஊசியில் முதல் கண்ணியே (நூல் வளையம்) ஏறுகிறது. அளவு, நிறம், நெஞ்சில் மானா முயலா என்பதெல்லாம் வாடிக்கையாளர் சொன்ன பிறகுதான் தெரியும். காற்று அடிக்கும்போது நாற்று நடுகிறவரிடம் போய்த் தூற்றச் சொல்கிறீர்களே!

நடுவர் அவர்களே, ஒரு கணக்கைப் போடுகிறேன். நவம்பர் முதல் தேதியிலிருந்து டிசம்பர் 20 வரை 50 நாள்கள். சமையல், பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்கள் போக ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் பின்னக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (தாராளமாகத்தான் வைக்கிறேன். முன்வரிசைப் பெண்கள் சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது.) மொத்தம் 250 மணி நேரம். ஐந்து வயதுக் குழந்தைக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்னப் பழகிய கைக்கே ஏறத்தாழ 20 மணி நேரம் வேண்டும். வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஸ்வெட்டர். அந்த வீட்டின் மொத்தக் கிறிஸ்துமஸ் சீசனும் அவ்வளவுதான். பதின்மூன்றாவது ஆர்டருக்கு முன்பணம் வாங்கும்போது, அதைப் பின்னும் நேரத்தை எங்கிருந்து வாங்குகிறோம்? தூக்கத்திலிருந்து. அதற்கு மணிக்கட்டு கொடுக்கும் ரசீதை ஜனவரியில் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கும்.

அந்தப் பன்னிரண்டும் பின்னி முடித்தவுடன் பையில் போய்விடுவதில்லை. கையை உடலோடு சேர்க்க வேண்டும், கழுத்துப் பட்டிக்குக் கண்ணி எடுக்க வேண்டும், தொங்கும் நூல் முனைகளை உள்ளே கோத்து மறைக்க வேண்டும். பிறகு அலசி, அளவுக்கு இழுத்துவிட்டு, தரையில் விரித்தே உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் ஸ்வெட்டர் நீண்டுவிடும். நவம்பரில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வடகிழக்குப் பருவமழை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அலசிய ஸ்வெட்டர் மூன்று நாளானாலும் சில்லென்றுதான் கிடக்கும். “மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் உலர்ந்துவிடாதா?” என்று எதிரணியில் ஓர் அண்ணன் கேட்டார். ஓட்டலாம் அண்ணா. ஆக்ரிலிக் நூல் சூடு தாங்காது. விறைப்பெல்லாம் போய்த் துவண்டுவிடும், பிறகு எதைச் செய்தாலும் பழையபடி ஆகாது. அந்த அண்ணன் இதுவரை ஒரு கைக்குட்டையாவது துவைத்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் கெட்டிக்காரர். “தனியாக ஏன் பின்ன வேண்டும்? பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டுச் சித்தி என்று நான்கு பேரிடம் பிரித்துக் கொடுங்கள்” என்றார். தொப்பி, குழந்தைக் காலுறை, பொம்மை என்றால் நான் மறுக்கவில்லை. ஒருவர் ஒன்றை முழுதாகப் பின்னி முடிப்பதால் வேறுபாடு தெரியாது. ஸ்வெட்டரைப் பிரித்துக் கொடுத்தால் கதை வேறு. ஒவ்வொரு கைக்கும் ஓர் இறுக்கம் உண்டு. அதே ஊசி, அதே நூல். ஒருவர் பின்னினால் 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி, இன்னொருவர் பின்னினால் 25. மார்புச் சுற்றுக்கு 200 கண்ணி என்றால் முதல் கையில் அது 91 சென்டிமீட்டர், இரண்டாவது கையில் 80. முன்பக்கத்தை அக்காவும் பின்பக்கத்தைச் சித்தியும் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எதிரணித் தலைவர் அடுத்த பட்டிமன்றத்துக்கு வரட்டும். நாம் பார்ப்போம்.

நூலிலும் இதே சிக்கல் இருக்கிறது. சீசனின் நடுவில் ஆர்டர் கூடியதால் நூல் போதவில்லை என்று கடைக்கு ஓடுகிறோம். அதே கம்பெனி, அதே நிற எண். ஆனால் லாட் நம்பர் வேறு, அதாவது அந்த நூல் வேறொரு முறை சாயமேற்றப்பட்டது. குழல் விளக்கில் ஒன்றும் தெரியாது. குழந்தை வெயிலில் ஓடும்போது நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்டதுபோல் தெரியும். கிறிஸ்துமஸ் காலைப் புகைப்படத்தில் அந்தக் கோடு ஆயுளுக்கும் இருக்கும்.

பிரித்துக் கொடுப்பது பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது, நடுவர் அவர்களே. ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்தில் நரசாபூர் என்று ஓர் ஊர். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா லேஸுக்குப் பெயர் பெற்றது. 1970களின் இறுதியில் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆய்வு செய்தார். லேஸ் வெளிநாட்டுக்குப் போகிறது, வியாபாரி வளர்கிறார், இடைத்தரகர் வளர்கிறார். பின்னுகிற பெண்ணுக்கு மட்டும் அற்பக் கூலி. ஏன்? அவள் குடும்பப் பெண், ஓய்வு நேரத்தில் பின்னுகிறாள், அது வேலையே இல்லை என்று எல்லோரும் பேசிவைத்திருந்தார்கள். ஓய்வு நேரம் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்கு எல்லை கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். நாங்கள் “போதும்” என்று சொல்வதன் முதல் பயன் இதுதான். இந்த நேரத்துக்கு ஓர் அளவு உண்டு, ஆகவே ஒரு விலையும் உண்டு என்று வாங்குகிறவருக்குத் தெரிகிறது.

விலை என்றதும் எதிரணியின் பத்து சதவீதத் தள்ளுபடி நினைவுக்கு வருகிறது. “தள்ளுபடி கொடுங்கள், ஆர்டர் குவியும்” என்றார்கள். குவியட்டும். குழந்தை ஸ்வெட்டருக்கு 1,200 ரூபாய் விலை வைத்தோம் என்று கொள்ளுங்கள். நூலுக்கு 300. மீதி 900 ரூபாயை 20 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 45; எட்டு மணி நேரத்துக்கு 360 ரூபாய். பத்து சதவீதம் தள்ளுங்கள்: 1,080இல் நூல் போக 780, மணிக்கு 39, எட்டு மணி நேரத்துக்கு 312. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். எதிரணி சொல்வதுபோல் நடந்தால் கைத்தொழில் தெரிந்த பெண்ணுக்கு அதைவிடவும் 24 ரூபாய் குறைவு. இதில் ஆர்டர் இரண்டு மடங்கானால் நட்டமும் இரண்டு மடங்கு!

ஆர்டரைக் குவிக்கிறவர் தள்ளுபடிக்கு ஏன் போகிறார் தெரியுமா? எண்ணிக்கையில் போட்டியிட ஆரம்பித்துவிட்டார். எண்ணிக்கையில் எதிரே நிற்பது இயந்திரம். இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைச் செய்தது 1589இல். அந்தப் பந்தயத்தில் கை அன்றே தோற்றுவிட்டது. மலையை விட்டு இறங்கினால் திருப்பூர். வடக்கே போனால் லூதியானா. இரண்டும் இயந்திரப் பின்னலாடை ஊர்கள். எதிரணித் தலைவரின் தலையில் இருக்கும் தொப்பியும் இயந்திரத்தில் பிறந்ததுதான். பக்கத்தில் ஓடும் தையலை இங்கிருந்தே பார்க்கிறேன். அதைக் குறை சொல்லவில்லை, குளிருக்கு நல்ல தொப்பி. நூறு பேருக்கு ஒரே வாரத்தில் வேண்டுமென்றால் அங்கே வாங்குவதுதான் சரி.

“திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார்” என்பது அவர்களுடைய பெரிய அச்சம். நாங்கள் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. பன்னிரண்டு இடமும் நிரம்பினால் அன்றைக்கே, நிரம்பாவிட்டாலும் நவம்பர் 20 அன்று, கிறிஸ்துமஸ் ஆர்டர் முடிந்தது என்று எழுதி மாட்டுங்கள் என்கிறோம். பின்னுகிறவருக்குக் காய்ச்சல் வரலாம், கூரியர் அலுவலகம் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கேக்கிலும் பரிசிலும் மூழ்கிக் கிடக்கலாம், அதற்கெல்லாம் இடம் வேண்டும். பிறகு வருகிறவரிடம் ஜனவரித் தேதி கொடுங்கள். 25ஆம் தேதியோடு இந்த மலையில் குளிர் முடிந்துவிடுகிறதா? ஜனவரியிலும் உறைபனி புல்லை வெளுக்க வைக்கிறதே. பரிசாகத்தான் வேண்டும் என்பவருக்கு, ஆடி மாதத்திலேயே பின்னி வைத்த தொப்பியும் மஃப்ளரும் இருந்தால் கொடுங்கள். அதுதான் நான் சொன்ன களத்து நெல். அதைத் தாராளமாகத் தூற்றுங்கள்.

இன்னொன்று. நீலகிரிக்கே எல்லை வைத்தார்கள். 2025 கோடையில் சென்னை உயர் நீதிமன்றம் வார நாள்களில் 6,000 சுற்றுலா வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பு கட்டியது. இவ்வளவு பெரிய மலை போதும் என்று சொல்லலாம், இரண்டு கை வைத்திருக்கும் பெண் சொல்லக் கூடாதா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, உட்காருகிறேன். அதற்கு முன் எதிரணித் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி. டிசம்பர் 22ஆம் தேதி மாலை. முன்பணம் வாங்கிய ஐந்து ஸ்வெட்டர் பாக்கி. இரண்டு நாளில் ஒன்றுக்கு மேல் முடியாது. ஐந்து தாய்மார்களும் போனில் காத்திருக்கிறார்கள். நான்கு பேரிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். எந்த நான்கு பேர் என்று அவர் முதலில் சொல்லட்டும், தீர்ப்பை நீங்கள் பிறகு சொல்லுங்கள்.