மயில்துத்தத்தின் நீலம் யாருடையது? ஆய்வுக்கூடத்தில் செப்பு-அமோனியா படிகம்

(திரையில்: வெள்ளைப் பொடி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்)

மயில்துத்தத்தை, அதாவது நீலச் செப்பு சல்பேட்டை, சூடாக்கினா வெள்ளைப் பொடி. ஒரு சொட்டுத் தண்ணி விட்டா மறுபடியும் நீலம்! அப்போ அந்த நீலம் செம்போடதா, தண்ணியோடதா? ரெண்டும் சேர்ந்ததோடது. படிகத்துல ஒவ்வொரு செப்பு அயனியையும் நாலு தண்ணி மூலக்கூறு பிடிச்சிருக்கு. அஞ்சாவது தண்ணி செம்பைத் தொடவே இல்லை, சல்பேட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கு. நடுவுல ஒரு உலோக அயனி, அதைச் சுத்திப் பிடிச்சிருக்கிற மூலக்கூறுகள்: இதுக்குப் பேர் அணைவுச் சேர்மம். அதாவது, ஜாடியில இருக்கிறதே ஒரு அணைவுச் சேர்மம்தான். நாம புதுசா எதையும் கட்டப் போறதில்லை, ஆளை மாத்தப் போறோம்: தண்ணி இருந்த இடத்துல அமோனியா.

இந்த அணைவுச் சேர்மங்களோட அமைப்பை விளக்கினவர் வெர்னர், 1893, நோபல் 1913. வரலாறு முடிஞ்சது.

அமோனியா வாடை மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்துக்காரங்களுக்குப் பழகினதுதான். ரப்பர் பால் கெட்டியாகிடாம இருக்கக் கலக்கிறாங்களே, அதே அமோனியா. ஆனா தோட்டத்துல இருந்து எடுத்துட்டு வந்துடாதீங்க. நமக்கு வேண்டியது லிட்டருக்கு சுமார் 15 மோல் உள்ள அடர் அமோனியா. நம்ம ஊர் வெக்கைக்கு மூடியைத் திறந்ததும் ஆவி குப்புன்னு வரும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஃபியூம் கபோர்ட் (ஆவியை வெளியே இழுக்கிற அலமாரி), மூணும் கட்டாயம்.

5 கிராம் மயில்துத்தம், 15 மில்லி வெதுவெதுப்பான தண்ணி. கரைஞ்சதும் ஆற விடுங்க. இப்போ அமோனியாவைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்குங்க.

(திரையில்: பீக்கர், மிக அருகில்)

வெளிர் நீலமா தயிர் திரிஞ்ச மாதிரி வருது பாருங்க. ஆறாம் படிவப் பிள்ளைங்க பாதிப் பேர் இங்கதான் "கெட்டுப்போச்சு"ன்னு நிறுத்திடுவாங்க. நிறுத்தாதீங்க! அது காரச் செப்பு உப்பு. இன்னும் ஊத்தினா அத்தனையும் கரைஞ்சு, மை கொட்டின மாதிரி கருநீலம் வரும். ஒரு செம்புக்கு நாலு அமோனியாங்கிற கணக்குப்படி 5.3 மில்லி போதும். ஆனா அமோனியா ஓடிப் போற சரக்கு, அதனால 10 மில்லி.

அடுத்து 30 மில்லி எத்தனால். பக்கத்துல நெருப்பு கூடாது. இதுதான் என் செல்லக் கட்டம்: கண்ணாடிக் கோல் வழியா மெதுவா விட்டா ஆல்கஹால் மேல மிதக்கும். மூடி ஒரு ராத்திரி வெச்சா, ரெண்டும் சேர்ற எல்லையில ஊசி ஊசியாப் படிகம் இறங்கும். அவசரப்பட்டு ஒரேயடியாக் கொட்டினா மாவாட்டம் விழுந்து வடிதாளை அடைச்சுக்கும்.

ஐஸ்ல குளிர வெச்சு, புக்னர் புனல்ல (உறிஞ்சி வடிகட்டுற புனல்) வடிகட்டுங்க. தண்ணியில கழுவவே கூடாது, சரக்கு கரைஞ்சு ஓடிடும். ஆல்கஹாலும் அமோனியாவும் சமமாக் கலந்து முதல்ல, வெறும் ஆல்கஹால் பிறகு. சூடான ஓவன்ல காய வைக்காதீங்க, அமோனியா பறந்து படிகம் வெளுத்துடும். நம்ம ஈரக் காத்துல டெசிகேட்டர்தான் (ஈரத்தை உறிஞ்சுற மூடிய பாத்திரம்) நல்லது.

முழுசாக் கிடைச்சா 4.92 கிராம். தராசு 5.5 காட்டுதா? கை தட்டாதீங்க, அது ஈரம்.

கடைசியா, ஒரு துளி படிகத்தைக் கரைச்சு நீர்த்த சல்பூரிக் ஆசிட் விடுங்க. அமோனியா அமோனியமா மாறிக் கழண்டுக்கும், தண்ணி பழைய இடத்துல வந்து உட்காரும், நிறம் வெளிர் நீலமாகும். சல்பூரிக்குக்குப் பதிலா அடர் ஹைட்ரோகுளோரிக் நிறைய ஊத்தினா மஞ்சள் கலந்த பச்சை வருது. அங்க செம்பைப் பிடிச்சது யாரு? கமெண்ட்ல எழுதுங்க.