கடனை ஒரு கொப்பியில எழுதுங்கோ

வணக்கம். கூட்டுறவுக் கிராமிய வங்கியில கனகாலம் கவுண்டருக்கு உள்பக்கம் இருந்த ஆள் நான், அதால நாட்டின்ர பொருளாதாரம் கதைக்க வரேல்லை, வீட்டுக் கடன்தான் கதைக்கப் போறன்.

எங்கட சனம் கடனை ஒளிக்கும். மனிசி எடுத்த கிழமைக் கடன் மனிசனுக்குத் தெரியாது, மனிசன் வாங்கின கைமாத்து மனிசிக்குத் தெரியாது, ரெண்டு பேரும் லண்டனில இருக்கிற தமையனுக்குச் சொல்லாயினம், கடைசியில குழுவாச் சேந்து எடுத்த ஒரு நுண்கடனைக் கட்ட இன்னொரு கொம்பனியில எடுத்து, அதுவும் காணாம மீற்றர் ஓடுற மாதிரி நாளுக்கு நாள் வட்டி ஏத்துற மீற்றர் வட்டிக்காரனிட்டப் போய் நிப்பினம்.

முதல் வேலை, ரெண்டு பேரும் இருந்து எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்கோ. ஆரிட்ட எவ்வளவு, என்ன வட்டி, என்னத்தில கையெழுத்து வைச்சனீங்கள். ஒரு லட்சத்துக்கு மாசம் நூற்றுக்குப் பத்து எண்டா வருசத்துக்கு வட்டி மட்டும் 120,000, முதல் அப்பிடியே கிடக்கும். அதைக் கட்டிக்கொண்டு அலுமாரிக்குள்ள சங்கிலியைப் பூட்டி வைச்சிருக்கிறதில என்ன பெருமை? வித்து முடியுங்கோ. தாலிக்கொடியைச் சொல்லேல்லை, கோவிக்காதேங்கோ. அதையும் யோசிக்கலாம்தான்.

லீசிங், பாங்க் லோன் எண்டா தவணை பிந்த முதலே போய்க் கதையுங்கோ. மூண்டு நாலு தவணையை விட்டுப்போட்டு போனையும் ஓஃப் பண்ணினா ஓட்டோவைத் தூக்கத்தான் வருவினம். தவணையை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில கேளுங்கோ, அந்தக் கடிதத்தின்ர பிரதி ஒண்டு உங்களிட்ட இருக்கோணும். சரிவரேல்லையோ, இலங்கை மத்திய வங்கியின்ர 1935க்கு போன் அடிக்கலாம், ஆனா அது பதிஞ்ச நிறுவனங்களுக்கு, மீற்றர் வட்டிக்கு உதவாது. 2018இல அரசாங்கம் நுண்கடன் தள்ளுபடி அறிவிச்ச மாதிரித் திரும்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ.

கடன் குடுத்தவங்கள் வாசலில வந்து சத்தம் போடுறாங்கள், செத்தாப் பரவாயில்லை எண்டு நினைப்பு வருது எண்டா, அந்த நேரம் கணக்கெல்லாம் பிறகு, உடன 1926க்கு எடுங்கோ, மனநல நிறுவகத்தின்ர நம்பர், இரவிலயும் எடுக்கலாம்.

நான் கூடப் பயப்பிடுறது காணிக்குத்தான். ஈடு எண்டு வாயால சொல்லி, உறுதியை அறுதியா, அதாவது காணியையே வித்த மாதிரி, எழுதுவிச்சுப் போடுவினம். கையெழுத்து வைக்க முதல் வேறொரு நொத்தாரிசிட்ட வாசிப்பியுங்கோ. ஈடாவோ, மீட்கத் தவணை போட்ட உறுதியாவோ வைச்சாச்சு எண்டா, 1941ஆம் ஆண்டுச் சட்டத்தில வந்த கடன் இணக்க சபை இருக்கு, ஈட்டுக் கடன்காரர் ரெண்டு பக்கத்தையும் இருத்திக் கதைக்கிற இடம், காணியை மீட்கிற அந்தத் தவணை முடிய முதல் போகோணும். வழி தெரியாட்டி யாழ்ப்பாணத்தில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வசதி இல்லாத ஆக்களுக்கெண்டே இருக்கிறது. போகேக்க உறுதியின்ர பிரதி, காசு குடுத்த ரிசீட், ஒண்டும் இல்லாட்டி அந்தக் கடன் கொப்பியாவது கொண்டு போங்கோ.