விடுதிக்காரம்மாக்களின் போர்

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர் என்றால் லண்டன் மீது விழுந்த குண்டுகளும் நார்மண்டிக் கடற்கரையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் இன்று பேசப்போவது பிளாக்பூலைப் பற்றி. இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் கடலோரத்தில் இருக்கும் உல்லாச நகரம் அது. 1894-இல் திறந்த 518 அடி உயரக் கோபுரம், நடன அரங்குகள், கடலுக்குள் நீளும் மூன்று பாலங்கள், தெருத்தெருவாகத் தங்கும் விடுதிகள்.

லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் ஒரு வாரம் மில்லை மூடுவார்கள். பாதி ஊர் ரயிலேறிப் பிளாக்பூலுக்கு வந்துவிடும். அடுத்த வாரம் வேறோர் ஊரின் முறை. சனிக்கிழமை ஒரு கூட்டத்தைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, படுக்கை விரிப்பை மாற்றி, வந்திறங்கும் அடுத்த கூட்டத்துக்குச் சாப்பாடு போடுவது விடுதிக்காரம்மாக்களுக்குக் கைவந்த கலை. போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு இந்த ஊர் தந்தவற்றில் இதுதான் பெரிது என்பேன்.

1939 செப்டம்பரில் முதலில் வந்தவர்கள் குழந்தைகள். நகரங்களில் குண்டு விழும் என்று அஞ்சி அனுப்பப்பட்டவர்கள். ஒரு குழந்தையை வைத்துக்கொண்டால் அரசு வாரம் பத்தரை ஷில்லிங் கொடுத்தது. ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு எட்டரை. பிறகு லண்டனிலிருந்து அரசு அலுவலகங்கள், கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும். 1940-இல் போலந்து விமானப் படையினர். எல்லாருக்கும் மேலாக, பிரிட்டிஷ் விமானப் படையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள். ஏழரை லட்சம் பேர் இங்கே அடிப்படைப் பயிற்சி பெற்றதாகச் சொல்வார்கள். ஊரின் சொந்த மக்கள்தொகையோ, 1931 கணக்குப்படி ஒரு லட்சத்துச் சொச்சம்!

இத்தனை பேருக்கும் தனியாக முகாம் கட்டவில்லை. படுக்கை விடுதியில், அணிவகுப்பு கடற்கரைச் சாலையில். விண்டர் கார்டன்ஸ் கேளிக்கை மண்டபத்தில் வயர்லெஸ் பயிற்சி. மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டில் தேர்வு பர்ட்டன் துணிக்கடையின் மாடியில். கீழே கோட்டு சூட்டு வியாபாரம், மேலே காதில் ஹெட்போனோடு 'கட்டு கடா' எண்ணிக்கொண்டு வியர்த்துக் கொட்டும் பையன்கள். ஊரின் தெற்கே ஸ்கொயர்ஸ் கேட்டில் விக்கர்ஸ் தொழிற்சாலை 2500-க்கும் அதிகமான வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களைச் செய்து தள்ளியது.

இதற்கு நடுவிலும் சுற்றுலா நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. இங்கிலாந்தின் தெற்குக் கரையில் முள்கம்பியும் கண்ணிவெடியும். இங்கே கடற்கரை திறந்திருந்தது. தொலைதூரம் போகாதீர்கள் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. ஆயுதத் தொழிற்சாலையில் உழைத்துக் களைத்தவர்கள் ரேஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவுடன் அதை விடுதிக்காரம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும். வாரச் சர்க்கரையையும் வெண்ணெயையும் பல மேசைகளுக்குப் பங்கிடுவது அவர் பாடு. பட்டாளத்துப் பையனுக்கு அரசு தரும் படி குறைவு, கோடை விருந்தாளி தருவது கூடுதல். முணுமுணுப்பு இல்லாமல் இருக்குமா? விடுதிக்காரம்மாக்களைத் தியாகச் சுடர்களாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. பிழைப்பு நடத்தியவர்கள் அவர்கள்.

ஆபத்தும் வந்தது. 1941 ஆகஸ்ட் 27 அன்று ஊருக்கு மேலே இரண்டு பிரிட்டிஷ் விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்றின் உடைந்த பகுதிகள் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் கூரையைப் பிளந்து விழுந்தன. விடுமுறைக் கூட்டம் நிறைந்த நேரம். மொத்தம் 18 பேர் இறந்தார்கள்.

போர் முடிந்ததும் படை போய்விட்டது. கடற்கரையின் புகழ்பெற்ற விளக்கலங்காரம் திரும்ப 1949 ஆயிற்று. வந்த அலுவலகங்களில் ஓய்வூதியத் துறை முழுதாகத் திரும்பிப் போகவில்லை; ஊருக்கு வெளியே நார்கிராஸில் பல பத்தாண்டுகள் இயங்கி, உள்ளூரில் ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுத்தது.

நன்றி, வணக்கம்.