அறுபதுக்குச் சைபர்: வாக்கு இடமாக மாறும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று பேச எடுத்துக்கொண்டது நம் மொரிஷியஸின் தேர்தல் சீர்திருத்தம். செய்தியில் இந்தப் பேச்சு வந்தாலே, தோற்றவர்களில் சிலருக்குச் சமூகக் கணக்குப் பார்த்துக் கூடுதல் இடம் தரும் 'பெஸ்ட் லூசர்' முறை வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தில் போய் நின்றுவிடுகிறோம். அது இரண்டாவது கேள்வி. நாம் போடும் வாக்கு எப்படி இடமாக மாறுகிறது என்பதே முதல் கேள்வி. பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சில எண்களைக் குறித்துக்கொள்வது நல்லது.

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை வாக்களித்தோம். மறுநாள் எண்ணினார்கள். மொரிஷியஸ் தீவின் 20 தொகுதிகளில் உள்ள 60 இடங்களும் ஒரே கூட்டணிக்குப் போயின. கடைத்தெருவில் எல்லாரும் சொல்லும் அந்த 'சுவாசாந்த்-ஸேரோ', அதாவது அறுபதுக்குச் சைபர், நமக்குப் புதிதல்ல. 1982இல் நடந்தது, 1995இல் நடந்தது, இது மூன்றாவது முறை. மூன்று முறையும் மக்கள் கோபத்தில் வாக்களித்தார்கள் என்று விளக்கம் சொல்கிறார்கள். கோபம் உண்மைதான். ஆனால் 2024இல் தோற்ற அரசுக் கூட்டணிக்கும் நூற்றுக்கு 27 பேர் வாக்களித்திருக்கிறார்கள். நாலில் ஒருவருக்கு மேல். அவர்கள் வாக்கால் தீவின் எந்தத் தொகுதியிலும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. இதைச் செய்தது கோபம் அல்ல, கணக்கு முறை.

அந்த முறை இப்படி. தீவில் ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று உறுப்பினர்கள். ரோட்ரிக்ஸ் தீவு 21ஆம் தொகுதி, அங்கே இரண்டு பேர். ஆக 62. உங்கள் கையில் வரும் வாக்குச் சீட்டில் மூன்று பேருக்குக் குறி போட வேண்டும். இரண்டோடு நிறுத்தினாலும் நாலு போட்டாலும் அந்தச் சீட்டு செல்லாது. சாவி, இதயம், சூரியன், சேவல் என்று சின்னத்தைப் பார்த்து ஒரே கட்சியின் மூவருக்கும் போடுவதை 'ப்ளாக்' என்கிறோம். ஆளைப் பார்த்து இங்கொன்று அங்கொன்று போட்டால் 'கூப்பே-த்ரான்ஷே'. பெரும்பாலோர் ப்ளாக் போடுகிறார்கள். ஒரு தொகுதியில் நூற்றுக்கு 45 பேர் ஒரு கட்சிக்கும், 35 பேர் இன்னொன்றுக்கும், 20 பேர் மூன்றாவதற்கும் ப்ளாக் போட்டால், 45 பெற்ற கட்சி மூன்று இடத்தையும் எடுத்துக்கொள்ளும். மீதி 55 பேருக்கு அந்தத் தொகுதியில் ஆளே இல்லை. தொகுதிக்கு ஒருவரே என்றிருந்தால் இழப்பு ஓர் இடத்தோடு போகும். இங்கே ஒவ்வொரு இழப்பும் மூன்றாக விழுகிறது.

இதே கணக்கு எதிர்த் திசையிலும் வேலை செய்யும். 2019இல் வென்ற கூட்டணி பெற்றது நூற்றுக்கு 38க்கும் குறைவான வாக்கு. நேரடியாகக் கிடைத்ததோ 62இல் 38 இடம். எதிர்த்தவர்கள் இரண்டு மூன்றாகப் பிரிந்து நின்றார்கள், அவ்வளவுதான். 1967 ஆகஸ்டு 7 தேர்தலில், சுதந்திரம் வேண்டாம் என்ற பக்கத்துக்கு நூற்றுக்கு 40க்கு மேல் வாக்கு விழுந்தும் 62இல் 23 இடம்தான் வந்தது. எந்தக் கட்சி ஆதாயம் அடைந்தது என்று பார்த்து இதை நியாயப்படுத்துவதோ குறை சொல்வதோ சரியில்லை. முறை எல்லாரையும் ஒரு முறை தூக்கிவிட்டிருக்கிறது, எல்லாரையும் ஒரு முறை புதைத்திருக்கிறது.

தொகுதிகளின் அளவிலும் ஒரு கோணல் உண்டு. போர்ட் லூயிஸ் துறைமுகத்தை ஒட்டிய 3ஆம் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை, சவான், பிளாக் ரிவர் பகுதியைச் சேர்ந்த 14ஆம் தொகுதியின் எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. இரண்டுக்கும் மூன்று மூன்று உறுப்பினர்களே. எல்லைகளைப் பரிசீலித்து அறிக்கை தர ஒரு ஆணையம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அறிக்கையை ஏற்பதும் தள்ளுவதும் பாராளுமன்றத்தின் கையில்.

இனி பெஸ்ட் லூசர். 1966இல் தேர்தல் முறையை ஆராய பான்வெல் ஆணையம் வந்து போனது. அதன் யோசனைகளுக்கு எதிர்ப்பு எழுந்தது. பிரிட்டிஷ் அரசின் சார்பில் ஜான் ஸ்டோன்ஹவுஸ் வந்து பேசி முடித்த சமரசம்தான் இன்றைய எட்டு கூடுதல் இடங்கள். அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணையில் நாலு சமூகங்கள்: இந்து, முஸ்லிம், சீன-மொரிஷியர், இந்த மூன்றிலும் சேராத எல்லாருக்கும் 'பொது மக்கள்'. யார் எதில் என்பதற்கு அட்டவணை சொல்லும் அளவுகோல் ஒருவரின் வாழ்க்கை முறை. தமிழர் என்று தனியாக ஒரு சமூகம் அதில் இல்லை. கோயிலுக்குப் போகும் தமிழர் இந்துக் கணக்கில், மாதா கோயிலுக்குப் போகும் தமிழர் பெரும்பாலும் பொது மக்கள் கணக்கில்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? சமூகத்தின் மக்கள்தொகையை, அந்தச் சமூகம் ஏற்கெனவே வைத்திருக்கும் இடங்களோடு ஒன்று கூட்டி, அதனால் வகுக்க வேண்டும். ஈவு எதற்கு அதிகமோ, அடுத்த இடம் அந்தச் சமூகத்துக்கு. மக்கள்தொகைக்கு எடுப்பது 1972 கணக்கெடுப்பு. தீவுக்கு மட்டும் எடுத்தால் இந்து ஏறத்தாழ 4,28,000, முஸ்லிம் 1,37,000, சீனர் 24,000, பொது மக்கள் 2,37,000. முறை புரிவதற்காக ரோட்ரிக்ஸை ஒதுக்கிவிட்டு, 60 இடங்கள் 38, 8, 1, 13 என்று பிரிந்ததாகக் கற்பனை செய்துகொள்வோம். 4,28,000ஐ 39ஆல் வகுத்தால் சுமார் 10,970. 1,37,000ஐ 9ஆல் வகுத்தால் 15,220. 24,000ஐ 2ஆல் வகுத்தால் 12,000. 2,37,000ஐ 14ஆல் வகுத்தால் 16,930. முதல் இடம் பொது மக்களுக்கு. அவர்களுக்கு இப்போது 14 ஆகிவிட்டதால் 15ஆல் வகுக்கிறோம், 15,800. இரண்டாவதும் அவர்களுக்கே. அடுத்து 16ஆல் வகுத்தால் 14,810. முஸ்லிம்களின் 15,220 முந்துகிறது, மூன்றாவது இடம் அவர்களுக்கு. நாலாவது மறுபடி பொது மக்களுக்கு. சீனர்களில் ஒருவரும் வெல்லாதிருந்தால் அவர்கள் ஈவு 24,000 ஆகி முதல் இடத்தையே பிடித்திருக்கும். இந்துக் கணக்கின் 10,970 இந்த நாலில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கணக்கில் நிற்கும் தமிழ் வேட்பாளர் தன் தொகுதியில் நூலிழையில் தோற்றிருந்தாலும் அவருக்கு இதில் வழி திறப்பது அரிது.

சமூகம் முடிவானதும் ஆளைத் தேடுகிறார்கள். அந்தச் சமூகத்தில் தோற்றவர்களில், தன் தொகுதியின் செல்லுபடியான வாக்குகளில் அதிக சதவீதம் பெற்றவர் யாரோ அவர். கட்சியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், சுயேச்சைக்குக் கிடையாது. முதல் நாலு இடங்கள் எந்தக் கட்சியானாலும் சமூகத்தைப் பார்த்துப் போகும். அடுத்த நாலு, முதல் நாலால் கட்சி பலம் கலையாமல் சரிக்கட்டுவதற்காக, முக்கியமாக வென்ற கட்சிக்கு. இங்கேதான் அறுபதுக்குச் சைபர் வரும்போது முறை முடங்குகிறது. வென்ற கூட்டணியில் தோற்றவரே இல்லையென்றால் யாருக்குக் கொடுப்பது? 2024இல் நாலு பேர்தான் சேர்ந்தார்கள், சபை 66 பேரோடு கூடியது.

1982க்குப் பிறகு கணக்கெடுப்பில் சமூகத்தைக் கேட்பதில்லை. ஆகவே 1972க்குப் பின் பிறந்த ஒருவர்கூட இந்த வகுத்தலில் இல்லை. ஆனால் வேட்புமனுவில் சமூகத்தை எழுதியே ஆக வேண்டும், எழுதாவிட்டால் மனு செல்லாது. இதை எதிர்த்து 'ரெஸிஸ்டான்ஸ் எக் ஆல்டர்நேட்டிவ்' இயக்கத்தினர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு வரை போனார்கள். புதிய கணக்கு இல்லாமல் வேட்பாளரைச் சமூகம் சொல்லக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று அக்குழு 2012இல் முடிவு சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. எழுதாமல் விடலாம், விட்டவர் பெஸ்ட் லூசர் கணக்கில் வரமாட்டார். 2019இல் பழைய கட்டாயமே திரும்பியது. அந்த இயக்கம் 2024இல் வென்ற கூட்டணியில் ஓர் அங்கம். இந்தப் பிரச்சினையின் ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தவர்கள் ஆளும் பக்கத்தில் இருக்கிறார்கள். தள்ளிப்போட இனிக் காரணம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழ் வரி இந்திக்குக் கீழே இறக்கப்பட்டபோது நாம் தெருவில் இறங்கினோம். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது, தமிழ் தன் இடத்துக்கு வந்தது. அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். அதே அக்கறையை முதல் அட்டவணையின் மீதும் காட்ட வேண்டாமா? சிலர் தமிழருக்கு ஐந்தாவது சமூகமாக இடம் கேட்கலாம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தனிச் சமூகமானால் 1972 எண்களைப் பிரிக்க வேண்டும் அல்லது எல்லாரையும் மறுபடி சமூகவாரியாக எண்ண வேண்டும். நமக்குப் பிறகு தெலுங்கர், மராத்தியர் கேட்பார்கள், கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. எட்டு இடத்தை எத்தனை கூறு போடுவது?

இதற்கு மாற்று ஏற்கெனவே மேசையில் இருக்கிறது. தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான ஆணையம் 2002இல் தந்த யோசனை: இருக்கும் 62 இடங்களோடு, நாடு முழுவதும் கட்சிகள் பெறும் வாக்கை வைத்து 30 இடங்களைக் கட்சிகள் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்து சேர்ப்பது, அதற்குத் தகுதி நூற்றுக்கு 10 வாக்கு. மொத்தம் 92. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 30ஐ எந்த வாய்ப்பாட்டால் பிரிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

2024 வாக்குகளை வென்றவர்களுக்கு நூற்றுக்கு 62, தோற்றவர்களுக்கு 27 என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். 30 இடத்தை வாக்கு விகிதப்படி இணையாகப் பிரித்தால் வென்றவர்களுக்கு 21, தோற்றவர்களுக்கு 9. அதாவது 81க்கு 9, மீதி இரண்டு ரோட்ரிக்ஸ் இடங்கள். தேர்தல் தொடர்பான அரசியல் சட்டப் பகுதிகளைத் திருத்த முக்கால் பங்கு உறுப்பினர்கள் வேண்டும். 92இல் அது 69. வென்றவர்கள் தனியாகவே அதைத் தாண்டிவிடுகிறார்கள். சீர்திருத்தம் செய்ததாகப் பெயர், எதிர்க்கட்சி கேள்வி நேரத்துக்கும் குழுக்களுக்கும் ஆள் போதாமல் திணறும். இரண்டாவது வழி ஈடுகட்டும் முறை. தொகுதிகளில் ஏற்கெனவே பங்குக்கு மேல் பெற்ற கட்சிக்குப் பட்டியலில் இடமில்லை, குறையப் பெற்ற கட்சிக்கு முதலில். அப்படியானால் 30 இடமும் மறுபக்கம் போகும். 60க்கு 30. ஆட்சி அமைக்க 47 போதும், ஆக அரசு அசையாது. ஆனால் அரசியல் சட்டத்தில் கை வைக்க மறுபக்கத்தின் ஒப்புதலும் வேண்டும். இரண்டாவது வழியையே நான் ஆதரிக்கிறேன்.

ஈடுகட்டும் முறையிலும் ஏமாற்ற இடமுண்டு. தொகுதிக்கு ஒரு பெயரிலும் பட்டியலுக்கு இன்னொரு பெயரிலும் ஒரே கூட்டணி நின்றால், தொகுதியில் வென்ற 60 கணக்கில் வராது. ஆகவே தொகுதியில் எந்தப் பெயரில் நின்றார்களோ அதே பெயரில்தான் பட்டியலும் தர வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். வேட்புமனு நாளன்றே பட்டியல் வரிசையோடு வெளியாக வேண்டும். வாக்கு எண்ணிய பிறகு கட்சித் தலைவர் பெயர்களை மேலும் கீழுமாக மாற்றக் கூடாது. உள்ளாட்சித் தேர்தலில் ஆண் பெண் இரண்டில் எதுவும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற விதி 2011 சட்டத்திலிருந்தே இருக்கிறது, அதைப் பட்டியலுக்கும் நீட்டலாம். தமிழர் உட்பட எல்லாச் சமூகங்களிலிருந்தும் ஆட்களைப் பட்டியலின் மேல் பாதியில் வைக்காத கட்சிக்கு வாக்குப் போவதா வேண்டாமா என்பதை வாக்காளர் முன்கூட்டியே பார்த்து முடிவு செய்யலாம். யாரும் தன் சமூகத்தை மனுவில் எழுத வேண்டியதில்லை.

உங்கள் தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மூவரையும் தனித்தனியே பாருங்கள். சீர்திருத்தம் வேண்டுமா என்று கேட்டால் எல்லாரும் வேண்டும் என்பார்கள், அதனால் அப்படிக் கேட்காதீர்கள். பட்டியல் இடங்கள் இணையாகப் பிரிக்கப்படுமா, ஈடுகட்டப் பிரிக்கப்படுமா, பட்டியலின் வரிசை எந்த நாளில் வெளியாகும் என்று கேளுங்கள். பதிலைத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். மசோதா வரும் நாளில் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வணக்கம்.