கார்பன் வரி: வசூலான பணம் யார் கைக்குப் போகிறது?

[திரையில்: எரிபொருள் நிலையத்தின் விலைப் பலகை. எண்கள் ஏறுகின்றன.]

2010 டிசம்பர் 19. ஈரானில் பங்கீட்டு பெட்ரோலின் விலை ஒரே இரவில் லிட்டருக்கு 1,000 ரியாலிலிருந்து 4,000 ரியாலானது. டீசல், எரிவாயு, மின்சாரம், ரொட்டி எல்லாமே கூட ஏறின. ஆனாலும் நாடு கொந்தளிக்கவில்லை.

2018 நவம்பர் 17. பிரான்ஸ். வரும் ஜனவரியில் டீசல் வரி லிட்டருக்கு 6.5 சென்ட் ஏறும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு சாலைகளை மறித்தார்கள். டிசம்பரில் அரசு அந்த உயர்வைக் கைவிட்டது.

நான்கு மடங்கு ஏற்றியவர்கள் சமாளித்தார்கள். சில சென்ட் ஏற்ற நினைத்தவர்களால் முடியவில்லை. இது எப்படி?

ஈரானில் தெருக்களில் காவல் பலமாக இருந்தது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே இன்னொரு வேலை நடந்திருந்தது. விலை ஏறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னாலேயே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் அரசு பணம் போட்டுவிட்டது. ஆளுக்கு மாதம் சுமார் 45 டாலர் மதிப்பு. கணக்கில் தெரியும், ஆனால் விலை ஏறும் நாள் வரை எடுக்க முடியாது. அதாவது, சுமை வருவதற்கு முன்பே ஈட்டுத்தொகையை மக்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். பிரான்ஸில் நடந்தது நேர் எதிர். அதே ஆண்டில்தான் பெரும் பணக்காரர்களின் செல்வத்தின் மீதான வரியைப் பெரும்பாலும் நீக்கியிருந்தார்கள். நகரத்துக்கு வெளியே, காரில்லாமல் வேலைக்குப் போக முடியாதவர், பணக்காரருக்குக் குறைத்ததை நம்மிடம் பிடுங்குகிறார்கள் என்று நினைத்தால் அதில் தவறென்ன?

[திரையில்: இரண்டு வீடுகள், ஒன்று சிறியது, ஒன்று பெரியது.]

இதன் பின்னால் இருக்கும் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் வருமானம் 100, இன்னொன்றின் வருமானம் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குடும்பம் எரிபொருளுக்கு 10 செலவழிக்கிறது. இரண்டாவது, பெரிய வீடு, இரண்டு கார், 40 செலவழிக்கிறது. இப்போது 10 சதவீதம் கார்பன் வரி, அதாவது புகை விடும் எரிபொருள் மீதான வரி. முதல் குடும்பம் 1 கட்டும், இரண்டாவது 4 கட்டும். வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழைக்குத்தான் அடி: அவருக்கு 1 சதவீதம், வசதியானவருக்கு 0.4 சதவீதம்.

சரி, வசூலான 5-ஐ இரண்டு வீட்டுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால்? வீட்டுக்கு 2.50. ஏழைக் குடும்பத்துக்கு 1.50 மிச்சம், வசதியான குடும்பத்துக்கு 1.50 கூடுதல் செலவு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பணம் திரும்பி வந்தாலும் எரிபொருளின் விலை குறையவில்லை. ஒரு லிட்டர் குறைவாக வாங்கினால் இருவருக்குமே லாபம். எனவே புகையைக் குறைக்கும் தூண்டுதல் அப்படியே இருக்கிறது. வரி ஒன்றுதான், பணத்தைத் திருப்பிய விதத்தில் விளைவு தலைகீழாகிவிட்டது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008 ஜூலையில் கார்பன் வரியை ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 10 டாலர் என்று தொடங்கி, 2012-இல் 30 டாலர் வரை போனது. வசூலை வருமான வரிக் குறைப்பாகவும், ஏழைகளுக்கான தொகையாகவும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சட்டமே இருந்தது. மாகாணத்தின் பொருளாதாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் நிறைய. அப்படி எதுவும் நடக்கவில்லை.

பிறகு கனடா முழுவதற்கும் இதேபோன்ற திட்டம் 2019-இல் வந்தது. பெரும்பாலான மாகாணங்களில் பணத்தைக் குடும்பங்களுக்கே திருப்பினார்கள். முதல் சில ஆண்டுகள் அந்தப் பணம் வருமான வரிப் படிவத்துக்குள் ஒரு சிறு கழிவாக ஒளிந்துகொண்டது. விலை மட்டும் ஒவ்வொரு முறை வண்டிக்கு எரிபொருள் நிரப்பும்போதும் கண்ணுக்குத் தெரிந்தது. தங்களுக்குப் பணம் வருகிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. கடைசியில் 2025 ஏப்ரல் 1 அன்று நுகர்வோருக்கான கட்டணமே நின்றுபோனது. எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம். கணக்கு சரியாக இருந்தும், மக்கள் கண்ணுக்கு அது படாததால் தோற்ற கொள்கை இது.

ஈரானுக்கும் நல்ல முடிவு கிடைக்கவில்லை. பணவீக்கம் மாதாமாதம் வந்த தொகையின் மதிப்பைத் தின்றுவிட்டது. தொகையை விலைவாசியோடு சேர்த்து ஏற்றாமல் விட்டால் இதுதான் கதி.

[திரையில்: கூரை மேல் சூரிய மின்தகடுகள்.]

வரி போடாமல், புதிய தொழிலுக்குப் பணம் கொடுப்பது இன்னொரு வழி. ஜெர்மனி 2000-இல் ஒரு சட்டம் போட்டது: சூரிய, காற்று மின்சாரம் தயாரிப்பவருக்கு 20 ஆண்டுகள் நிலையான விலை. அதற்கான பணம் வீட்டு மின்கட்டணத்தில் கூடுதல் தொகையாகச் சேர்ந்தது. ஒரு கட்டத்தில் யூனிட்டுக்கு 6 சென்ட்டைத் தாண்டியது. மின்சாரம் அதிகம் குடிக்கும் பெரிய ஆலைகளுக்கோ பெருமளவு விலக்கு. அந்தச் சுமையையும் சாதாரண வீடுகளே தூக்கின. 2022 ஜூலையில் அந்தத் தொகையை நீக்கி, செலவை அரசு நிதிக்கு மாற்றினார்கள்.

ஆனால் அந்த வீடுகள் கொடுத்த பணம் வீணாகவில்லை. உறுதியான சந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் சீனாவில் தொழிற்சாலைகள் பெருகின, தயாரிப்புச் செலவு சரிந்தது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் சூரியத் தகடுகளின் விலை ஏறக்குறைய 90 சதவீதம் இறங்கியது. இன்று உலகில் எந்த மூலையில் தகடு வாங்குபவரும் ஜெர்மன் குடும்பங்கள் கட்டிய அந்த மின்கட்டணத்தின் பலனை அனுபவிக்கிறார். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும்போது மொத்த எண்ணிக்கையைச் சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள். சுரங்கத்தில் போன வேலை ஒரு ஊரில், காற்றாலையில் வந்த வேலை வேறொரு ஊரில். ஐம்பது வயதுத் தொழிலாளிக்கு நாட்டின் கூட்டுத்தொகையால் என்ன பயன்? 2038-க்குள் நிலக்கரியை நிறுத்த முடிவெடுத்த ஜெர்மனி, சுரங்கப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கியது இதை உணர்ந்துதான்.

[திரையில்: துறைமுகம், இரும்புச் சுருள்கள்.]

இப்போது இந்தக் கேள்வி எல்லை தாண்டிவிட்டது. 2026 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் இரும்பு, சிமெண்ட், அலுமினியம், உரம் போன்றவற்றுக்கும் கார்பன் கட்டணம் விதிக்கிறது. தன் ஆலைகள் கட்டணம் கட்டும்போது வெளிநாட்டு ஆலைகள் கட்டாமல் விற்றால் உற்பத்தி வெளியே போய்விடும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வசூலில் 75 சதவீதத்தை ஒன்றியத்தின் சொந்த வரவுசெலவுக்கே எடுத்துக்கொள்ள ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. இரும்பு உருக்கும் ஏழை நாடு தன் உலையை மாற்றப் பணம் தேடுகிறது. அந்த நாட்டின் சரக்கிலிருந்து பெறும் பணமோ வேறு கஜானாவுக்குப் போகிறது. அதில் ஒரு பங்காவது அந்த உலைகளுக்குத் திரும்பவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.