நாள் பத்திரத்தில், மணி நோட்டில்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். மேலூரில் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது வருடம் பத்திரம் எழுதியவன் நான். கிரையம், பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட், உயில் என்று எல்லாம் எழுதியாயிற்று. ஒருவர் "இது எனக்குப் பாத்தியம்" என்று சொன்னால், அது எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தையும் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கப் போகிறோம்.

விஷயம் டைம்ஷேர். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ ஒரு விடுதி. அதில் ஒரு வீட்டை வருடத்தின் 52 வாரங்களாகப் பிரித்து, வாரத்துக்கு ஒருவர் என்று விற்பது. நம் மதுரையில் ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், டாக்டர்கள் என்று பல பேர் வாங்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால் அங்கேயும் வாங்கியிருப்பார்கள். இப்போது அவர்களுக்கெல்லாம் ஒரு போன் வருகிறது. "உங்கள் வாரத்தைக் கொடுத்துவிட்டுப் பாயிண்ட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம்." அதாவது, இன்ன வாரம் என்று இல்லாமல் வருடத்துக்கு இத்தனை பாயிண்ட் என்று உங்கள் கணக்கில் வைப்பார்கள். எந்த நாளுக்கு எத்தனை பாயிண்ட் என்று நிறுவனம் ஒரு பட்டியல் போடும், அதன்படி செலவழித்து அறை எடுக்க வேண்டும். மாறலாமா, வேண்டாமா?

என் தங்கை மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். பக்கத்து மாநிலமான ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோவில் அவனுக்கு ஒரு வாரம் சொந்தம். ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினான். "மாமா, நீங்க எத்தனையோ பத்திரம் பாத்தவங்க. ரெண்டு காகிதம் அனுப்பியிருக்கேன், படிச்சுட்டுச் சொல்லுங்க. அப்புறம்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றான். முதல் காகிதத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். ஆங்கிலம்தான், ஆனால் அச்சு அசல் நம் கிரையப் பத்திரம். எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சொத்து விவரம், பதிவு எண், எல்லாம் வரிசையாக இருந்தன. நான்கு எல்லை எழுதும் இடத்தில் வீட்டு எண்ணும் வார எண்ணும். அவனுக்கு 26ஆவது வாரம். ஜூலை 4ஆம் தேதி அவர்களுடைய சுதந்திர தினத்தை ஒட்டி வரும் வாரம் அது. பள்ளிக்கூடம் விடுமுறை, நல்ல கூட்டம்.

இரண்டாவது காகிதம் பாயிண்ட்டுக்கு மாறும் ஒப்பந்தம். அதைப் படித்து முடித்தபோது எனக்கு ஒரு கிணறு ஞாபகம் வந்தது.

அந்தக் கிணற்றைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். அண்ணன் தம்பி நான்கு பேர். அப்பா வெட்டிய கிணறு ஒன்று, அதில் 5 எச்.பி. மின்மோட்டார் ஒன்று. பாகப்பிரிவினை எழுதியபோது கிணற்றையும் மோட்டாரையும் பொதுவில் வைத்து, எட்டு நாள் சுற்று என்று முறை வைத்தோம். முதல் இரண்டு நாள் மூத்தவருக்கு, அடுத்த இரண்டு நாள் அடுத்தவருக்கு, இப்படி. கிராமத்து நேயர்களுக்கு இது புதிதில்லை. முறைத் தண்ணீர் என்றால் உங்களுக்கே தெரியும்.

நாள் முறையில் ஒரு கஷ்டம் உண்டு. உங்கள் முறையன்று மும்முனை மின்சாரம் வரவில்லை என்றால் அந்த நாள் போனது போனதுதான். கல்யாணத்துக்குப் போனாலும் போனதுதான். மூன்றாவது தம்பி வெளியூர் வேலைக்காரர், பாதி முறையை அவர் எடுக்கவே இல்லை. அப்போது மூத்தவர் மகன், படித்த பையன், ஒரு யோசனை சொன்னான். நாள் வேண்டாம், மணிக்கணக்கு வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஆளுக்கு 60 மணி நேரம். எப்போது வேண்டுமோ அப்போது ஓட்டிக்கொள்ளலாம். மிச்சம் இருந்தால் அடுத்த மாதத்துக்குச் சேரும். கணக்கை நான் நோட்டில் எழுதுகிறேன் என்றான்.

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. உடன்படிக்கை எழுதினோம், பதிவும் செய்தோம். "முன் பத்திரத்தில் கண்ட நாள் முறையை இதன் மூலம் விட்டுக்கொடுத்து" என்ற வரியை என் கையால்தான் எழுதினேன். அந்த வரி இன்றுவரை என் மனதில் கிடக்கிறது.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வருடம் மழை பொய்த்தது. சித்திரையில் கிணறு அடியில் கிடந்தது. நோட்டு வைத்திருந்த பையன் சொன்னான்: தண்ணீர் ஊற நேரமாகிறது, அதனால் கோடையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் நோட்டில் இரண்டு மணியாக எழுதுவேன். கடைசித் தம்பி மல்லிகை போட்டிருந்தார். மல்லிகைக்கு வெயில் காலத்தில்தான் பூ. அவருக்குத் தண்ணீர் வேண்டியதே அந்த மாதங்களில்தான். அவருடைய 60 மணி ஒரே நாளில் 30 மணியாயிற்று. உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணே, பழைய ரெண்டு நாள் எனக்கு இல்லையா?" என்று கேட்டார். விட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கிறதே, எப்படி இருக்கும்? ஒரு மணியை எத்தனை மணியாக எழுதலாம், அதை யார் முடிவு செய்வது என்று அந்தக் காகிதத்தில் ஓர் எழுத்து இல்லை.

அந்தப் பையனுக்குக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் உண்மையிலேயே குறைந்துதான் இருந்தது. ஆனால் பாருங்கள், நாள் பத்திரத்தில் இருந்தது. மணி நோட்டில் இருக்கிறது. நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?

பாயிண்ட் விஷயமும் இதேதான். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் வாரத்தை வாங்கிக்கொண்டு வருடத்துக்கு 100 பாயிண்ட் தருகிறார்கள். இன்றைய பட்டியலில் மே மாத வாரத்துக்கு 100 பாயிண்ட், ஆகஸ்ட் வாரத்துக்கு 60. சரி, பழைய வாரமும் கிடைக்கிறது, வேண்டுமென்றால் ஆகஸ்டில் போய் மிச்சமும் பிடிக்கலாம், லாபம்தானே என்று தோன்றும். நான்கு வருடம் கழித்துப் பட்டியலில் மே மாதம் 130 ஆனால்? உங்கள் கையில் அதே 100தான். இன்னும் 30 வாங்க வேண்டும், அல்லது அடுத்த வருடத்துக் கணக்கிலிருந்து கடன் எடுக்க வேண்டும். ஆகவே முதல் கேள்வி இது: பட்டியலை மாற்றும் உரிமை யாருக்கு, எந்த அளவு வரைக்கும், அது ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது? விற்பனைக்கு வந்தவர் வாயால் சொல்வது கணக்கில் சேராது. மல்லிகைக்காரரிடமும் வாயால் நிறையச் சொன்னார்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. என் தங்கை மகனுக்கு நான் சொன்னது அதுதான். மாறும் ஒப்பந்தத்தில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்றில் பத்திரம் உங்கள் பெயரிலேயே இருக்கும். இந்த வருடம் வாரத்துக்குப் பதில் பாயிண்ட் தாருங்கள் என்று வருடா வருடம் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் வாரத்துக்கே போகலாம். இன்னொன்றில் பத்திரத்தையே நிறுவனத்துக்கோ ஒரு டிரஸ்டுக்கோ எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் "மாறிக்கொள்ளுங்கள்" என்ற ஒரே வார்த்தையில்தான் சொல்வார்கள். அவனுக்கு வந்தது இரண்டாவது ஜாதி. போதாததற்குக் கூடுதலாகக் கொஞ்சம் பாயிண்ட் விலைக்கு வாங்கினால்தான் மாறலாம் என்று நிபந்தனை வேறு. வேண்டாம்ப்பா என்றேன். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், ஜூன், ஜூலை விடுமுறை, 26ஆவது வாரம் கையில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் பட்டியல் போட்டுக் குறைக்க முடியாது.

நம் ஊர்க் காகிதத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் வாரத்தை நிலம் மாதிரியே பதிவு செய்து விற்கும் வழக்கம் உண்டு. இங்கே நான் பார்த்தவரை பெரும்பாலும் உறுப்பினர் ஒப்பந்தம்தான். 25 வருடம் போல ஒரு காலக்கெடு, வருடத்துக்கு ஏழு ராத்திரி, இன்ன சீசன் என்று இருக்கும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அந்த விடுதியின் சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டால் உங்கள் பெயர் வருமா? வராது என்றால் உங்கள் கையில் இருப்பது சொத்து இல்லை, ஒரு வாக்குறுதி. வாக்குறுதி மோசம் என்று சொல்லவில்லை. அதை வாக்குறுதியாகவே எடைபோட வேண்டும் என்கிறேன்.

வாரத்துக்காக மட்டுமே நான் பேசுவதாக நினைக்க வேண்டாம். வடக்கு மாசி வீதியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, இரண்டு பேரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். கொடைக்கானலில் அவர்களுக்கு 19ஆவது வாரம், சனிக்கிழமை நுழைவு. வாங்கிய காலத்தில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, பொருத்தமான வாரம்தான். வார எண் ஆங்கில நாட்காட்டியோடு போகிறது. நம் அழகரோ சித்ரா பௌர்ணமியோடு வருகிறார். 2022இல் ஏப்ரல் 16, 2023இல் மே 5, 2024இல் ஏப்ரல் 23 என்று வைகையில் இறங்கினார். இந்த மூன்று வருடமும் திருவிழா முடிந்த பிறகுதான் அவர்களுடைய வாரம். 2025இல் அழகர் இறங்கியது மே 12. வாரம் தொடங்கியது மே 10. அவர்கள் வீட்டில் வருடா வருடம் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுக்கிறவர்கள், அழகரை விட்டுவிட்டு மலைக்குப் போவார்களா? போகவில்லை. வாரமும் போயிற்று, பராமரிப்புக் கட்டணமும் கட்டியாயிற்று.

அவர்களுக்கு நான் மாறுங்கள் என்றுதான் சொன்னேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். மே மாதக் கூட்டத்தில் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுவதே அவர்களுக்குச் சிரமம். 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகஸ்டிலோ நவம்பரிலோ வார நாளில் இரண்டு ராத்திரி, மூன்று ராத்திரி போதும். அந்த நாட்களுக்குப் பாயிண்ட் குறைவு. உடனே கையெழுத்துப் போடவும் விடவில்லை. பட்டியல் வரியைக் காட்டச் சொன்னோம். எடுக்காத பாயிண்ட் எத்தனை மாதத்தில் காலாவதி ஆகும், எத்தனை மாதம் முன்னால் அறை கேட்க வேண்டும், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அந்த அம்மா பேனாவை எடுத்தார்கள்.

ஊர் மாற்றிக்கொள்ளும் வசதி பாயிண்ட்டோடுதான் வந்தது என்றும் இல்லை. ஒருவருடைய வாரத்தை இன்னொரு விடுதியின் வாரத்துக்கு மாற்றித் தரும் ஆர்.சி.ஐ. என்ற நிறுவனம் அமெரிக்காவில் 1974இலேயே தொடங்கிவிட்டது. 1991இல் டிஸ்னி தன் டைம்ஷேரைப் பாயிண்ட் முறையிலேயே ஆரம்பித்தது. 2010இல் மாரியட் ஹோட்டல்காரர்களின் டைம்ஷேர் பாயிண்ட்டுக்கு வந்து, பழைய வாரக்காரர்களையும் சேரச் சொன்னது. ஊர் மாறுவது மட்டும்தான் உங்கள் ஆசை என்றால், வாரத்தை வைத்துக்கொண்டே அதைச் செய்ய முடிகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். விற்பது, வாரிசு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாயிண்ட்டுக்கு மாறினாலும் பராமரிப்புக் கட்டணம் நிற்காது. சில இடத்தில் பாயிண்ட் கணக்குப்படி ஏறவும் செய்யும். நிரந்தரப் பத்திரமாக இருந்தால் அந்தக் கட்டணம் வாரிசுகள் வரைக்கும் வரும். அதனால் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். "உங்கள் வாரத்தை விற்றுத் தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள்" என்று போனில் யார் சொன்னாலும் கட்டாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், முதலில் பணம் கட்டாதீர்கள். ஃபுளோரிடாவில் புதிதாக வாங்கிய ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் ரத்து செய்ய அங்கே சட்டம் இருக்கிறது. இங்கே தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம்.

மல்லிகைக்காரர் கதையின் முடிவைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு வருடம் லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கி ஊற்றிப் பார்த்தார். முடியவில்லை. தன் பங்கை மூத்தவருக்கே கிரையம் செய்து கொடுத்தார். அந்தக் கிரையத்தையும் நான்தான் எழுதினேன். வணக்கம்.