எத்தனை புள்ளி என்று மட்டும் சொல்லாதீர்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு படம் வெளியாகி இரண்டு நாள் போவதற்குள் அதற்கான தீர்ப்பு ஊர் முழுக்கப் பரவிவிடும். பஸ் நிலையத்தடியில், ரியூசன் வாசலில், சலூனில், கலியாண வீட்டுப் பந்தியில் எல்லாம் ஒரே கேள்விதான்: "படம் எப்பிடி?" மறுமொழியும் சுருக்கமாகவே வரும். "பரவாயில்லை, ஒருக்காப் பாக்கலாம்." "முதல் பாதி நல்லம், பிறகு இழுவை." "பத்துக்கு எட்டுக் குடுக்கலாம்." இப்படி நாங்கள் அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி ஆளுக்காள் அபிப்பிராயம் சொல்வதையும் புள்ளி போடுவதையும் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எனக்கு இதில் ஒரே ஆசைதான். புள்ளி போடுகிறவர், அந்தப் புள்ளிக்குக் காரணமாகப் படத்திலிருந்து ஒரு காட்சியையாவது எடுத்துச் சொல்லவேண்டும். எங்கள் மண்ணில் எங்கள் பிள்ளைகள் எடுக்கும் படங்கள் வளருமா என்பது பெருமளவு இதில்தான் தங்கியிருக்கிறது என்று நம்புகிறேன்.

படத்தைப் பற்றிய பேச்சுக்கும் வானொலிக்கும் எங்கள் ஊரில் பழைய உறவு உண்டு. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் கே. எஸ். ராஜா 'திரைவிருந்து' நிகழ்ச்சியில் பேசத் தொடங்கினால், அடுப்படி வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு வசனம், ஒரு பாட்டின் இரண்டு அடி, நடுவில் அவருடைய அந்த வேகமான குரல். அது விளம்பரம்தான். ஆனாலும் படத்தின் ஒரு துண்டைக் காதில் போட்டுவிட்டுத்தான் ஆட்களைத் தியேட்டருக்குக் கூப்பிட்டார். வின்சர், வெலிங்டன், மனோகரா, ராஜா, ராணி என்று தியேட்டர்கள் நிறைந்திருந்த காலம் அது. கலரியில் இருந்து பார்த்தவரும் பல்கனியில் இருந்து பார்த்தவரும் வெளியே வந்து எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று மல்லுக்கட்டினார்கள். அந்தச் சண்டையிலும் காட்சிகள்தான் சாட்சிக்கு வரும். "அந்த இடத்தில அவர் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர் விடமாட்டார்.

பிறகு போர். தொண்ணூறுகளின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. ஆனாலும் சனம் படம் பார்த்தது. ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு முற்றத்தில் வைத்து, ஒழுங்கை முழுவதும் கூடியிருந்து விடிய விடியப் பார்ப்பார்கள். பெற்றோல் கிடைப்பதே அரிது. கொஞ்சம் பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒரு இரவுக்கு மூன்று, நான்கு படம் ஓடும். பின் வரிசையில் இருந்தவர்களுக்கு வசனத்தைவிட ஜெனரேற்றர் இரைச்சல்தான் கூடக் கேட்கும். இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அடுத்த நாள் காலை. இனி எப்போது படம் பார்ப்போம் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே பார்த்ததைக் கதைத்துக் கதைத்தே வைத்திருந்தார்கள். தண்ணீர் அள்ளப் போகிற இடத்தில், விறகு பொறுக்கப் போகிற வழியில், பங்கர் வாசலில் எல்லாம் படக் கதைதான். நித்திரையாகிப்போன பிள்ளைக்கு அக்கா முழுப் படத்தையும் நடித்துக் காட்டுவாள். அந்தப் பேச்சில் புள்ளி என்று ஒன்று இருக்கவே இல்லை. காட்சி மட்டும்தான் இருந்தது.

இப்போது நிலைமை வேறு. தியேட்டர் இருக்கிறது, கையில் தொலைபேசி இருக்கிறது, ஒரு கிழமைக்குள் பார்க்க முடியாத அளவுக்குப் படங்கள் வருகின்றன. எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ள ஒரு எண் உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனந்த விகடன் நெடுங்காலம் நூற்றுக்கு மார்க் போட்டது. 40ஐத் தாண்டினால் நல்ல படம் என்று வாசகர்களுக்குத் தெரியும். 1977இல் வந்த '16 வயதினிலே' 62.5 வாங்கியதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த எண்ணோடு கூடவே முழு விமர்சனமும் இருந்தது. இன்றைக்கு விமர்சனம் கழன்றுபோய் எண் மட்டும் தனியாக ஓடித்திரிகிறது.

அந்த எண்கள் எப்படி உண்டாகின்றன என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். விமர்சகர்களின் கருத்துகளைத் திரட்டும் ரொட்டன் ரொமேட்டோஸ் இணையத்தளத்தில் ஒரு படத்துக்கு 90 வீதம் என்று இருந்தால், அதைப் பலர் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. விமர்சகர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படத்தை நல்லது என்ற பக்கத்தில் வைத்தார்கள் என்பதுதான் பொருள். எல்லோருக்கும் "பரவாயில்லை" என்று தோன்றிய சாதாரணப் படமும் அங்கே 90ஐத் தொடலாம். பாதிப் பேரின் நெஞ்சை உலுக்கி, மற்றப் பாதிப் பேரைக் கோபப்படுத்திய படம் 50இல் நின்றுவிடும். ஐ.எம்.டி.பி. என்ற இணையத்தளம் வேறு விதம். பார்வையாளர்கள் 1 முதல் 10 வரை போடுகிறார்கள். அதன் முதல் 250 படங்களின் பட்டியலுக்கு வெறும் சராசரியை எடுப்பதில்லை. வாக்குக் குறைந்த படத்தின் புள்ளியைப் பொதுச் சராசரியை நோக்கி இழுத்துவிடும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாற்பது பேர் சேர்ந்து பத்துப் பத்தாகப் போட்டு ஒரு படத்தை உச்சியில் ஏற்றிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அது. இந்த நாற்பது பேர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

2024 டிசம்பரில் தமிழகத் தயாரிப்பாளர்கள், படம் வெளிவந்து முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் போடத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. விதிக்காதது நல்லது என்றே நான் நினைக்கிறேன். காசு கொடுத்து ரிக்கற் எடுத்தவரின் வாயை மூட முடியாது. ஆனால் இடைவேளைக்குள்ளேயே "படம் அவுட்" என்று வட்ஸ்அப்பில் போடுகிறவர், படத்தின் பாதியைக் கூட இன்னும் பார்க்கவில்லை என்பதும் உண்மைதானே.

எங்கள் பகுதியில் படம் பார்க்கிற சிலர் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஒரு வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். அந்த மாதம் அவரவர் பார்த்த படங்களைப் பற்றிக் கதைப்போம். ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். வாய் திறக்க முதல், எல்லோரும் தங்கள் புள்ளியைத் துண்டுக் கடதாசியில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். முதலில் பேசுகிறவர் ஒன்பது என்று சொல்லிவிட்டால், மனதில் ஐந்து வைத்திருந்தவர் ஏழு என்று சொல்லுவார், அது மனித சுபாவம். எழுதி வைத்த பிறகு ஒவ்வொருவரும் ஒரு காட்சியைச் சொல்லவேண்டும். கதைச் சுருக்கம் சொல்லக்கூடாது.

அண்மையில் ஒரு குடும்பப் படத்துக்கு, ஓய்வுபெற்ற தாதி ஒருவர் நான்கு போட்டிருந்தார். கம்பஸில் படிக்கும் பிள்ளை ஒன்பது போட்டிருந்தாள். அன்ரி சொன்னார்: "சேலைன் ஏறிக்கொண்டிருக்கிற கையை ஊண்டி அந்த மனுசி எழும்புது. ஒரு முகச்சுழிப்பு இல்லை. அதோட எனக்குப் படம் விட்டுப்போச்சு." வாழ்நாள் முழுதும் வார்ட்டில் நின்ற கண் அது. அந்தப் பிள்ளை வேறு ஒன்றைச் சொன்னாள்: "தகப்பனுக்கு ரெலிபோன்ல செய்தி வருது. அவர் உடன அழேல்லை. ஓடிக்கொண்டிருந்த பைப்பைப் போய்ப் பூட்டிப்போட்டு வந்துதான் இருந்து அழுறார். எங்கட அப்பாவும் அப்பிடித்தான்." அன்ரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை நான் கவனிக்கேல்லைப் பிள்ளை" என்றார். இரண்டு பேருமே புள்ளியை மாற்றவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்காமல் வந்திருந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட படம் என்று தெரிந்துவிட்டது. நான்குக்கும் ஒன்பதுக்கும் சராசரி ஆறரை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

எங்கள் கூட்டத்தில் முந்தித் தியேட்டரில் ஒப்பரேற்றராக இருந்த ஐயா ஒருவரும் இருக்கிறார். றீல் மாறப்போகும் நேரம் திரையின் வலப்பக்க மேல் மூலையில் மின்னி மறையும் அடையாளத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். யாராவது "படம் ஒரே இருட்டு, குரலும் விளங்கேல்லை" என்றால், "எந்தத் தியேட்டரில பாத்தனீங்கள்?" என்றுதான் முதலில் கேட்பார். புரொஜெக்டர் விளக்கு மங்கியதற்கும் ஸ்பீக்கர் கரகரத்ததற்கும் படத்தின் புள்ளியைக் குறைப்பது நியாயமில்லை என்பது அவருடைய கட்சி. சரியான கட்சி.

யாழ்ப்பாணத்துப் பார்வையாளரிடம் இன்னொரு அளவுகோலும் உண்டு. தமிழகப் படத்தில் எங்கள் பேச்சு வந்தால் கண்ணைவிடக் காதுதான் முதலில் விழிக்கும். 2000இல் வந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் பேசிய தமிழைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. அந்தப் பேச்சுக்கு அவருக்கு உதவியவர் எங்கள் வானொலிக்காரர் பி. எச். அப்துல் ஹமீத். 2025இல் அபிஷன் ஜீவிந்தின் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. பொருளாதார நெருக்கடியால் கடல் கடந்து தமிழகம் போகும் குடும்பத்தின் கதை. அதைப் பற்றி எங்கள் விறாந்தையில் நடந்த பேச்சு இருட்டும்வரை முடியவில்லை. அயலவர்களின் அன்பைக் கண்டு மனம் நிறைந்தவர்களும் இருந்தார்கள், "நாங்கள் இப்பிடியோ கதைக்கிறனாங்கள்?" என்று கடைசிவரை சமாதானமாகாதவர்களும் இருந்தார்கள். இரண்டாவது கட்சிக்காரரைச் சிலர் குறை பிடிக்கிறவர்கள் என்று ஒதுக்குவார்கள். நான் ஒதுக்கமாட்டேன். அவர்கள் கேட்டுச் சொல்லாவிட்டால், அடுத்த படத்தில் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

இப்போது அந்த நாற்பது பேருக்கு வருகிறேன்.

கைத்தொலைபேசியிலேயே படம் எடுத்து முடிக்கும் பெடியளும் பிள்ளைகளும் இன்று எங்களிடையே இருக்கிறார்கள். கைக்காசு போட்டு, நண்பர்களை நடிக்க வைத்து, அம்மாவின் சமையலைப் படப்பிடிப்புக்குக் கட்டிக்கொண்டு போய் எடுக்கிறார்கள். திரையிடல் முடிந்ததும் மண்டபத்தில் கைதட்டு. "எங்கட பெடியள் கஷ்டப்பட்டு எடுத்தது" என்று பத்துக்குப் பத்து. சொந்தக்காரரும் கூடப்படித்தவர்களும் இணையத்திலும் பத்துப் போடுகிறார்கள். அதே ஆட்கள் வெளியே சைக்கிள் எடுக்கும்போது, "கமரா வடிவு, கதைதான் ஒண்டும் இல்லை" என்று மெல்லமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அந்த மெல்லிய குரலில் சொல்லப்பட்டதுதான் படம் எடுத்தவருக்குத் தேவைப்பட்ட செய்தி. அது அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

எங்கள் படங்களில் திரும்பத் திரும்ப வரும் குறைகளைச் சத்தமாகச் சொல்வோம். ட்ரோன் பனைமரத்துக்கு மேலால் பறந்து பறந்து கதையை மறந்துவிடுகிறது. மைக்கில் காற்று இரைகிறது. வசனம் பேசுகிறவர்கள் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று மேடை நாடகம்போலப் பேசுகிறார்கள். எல்லாவற்றையும்விட, பின்னணி இசை. பிள்ளையைத் தேடும் தாய் ஒருவரைப் பற்றிய குறும்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, எங்கள் ஒப்பரேற்றர் ஐயா இயக்குநரிடம் நேரே சொன்னார்: "தம்பி, அம்மா கதவைத் திறக்க முதலே உம்மட வயலின் அழத் தொடங்கிட்டுது. பிறகு நாங்கள் என்னத்தை அழுறது?" அந்தத் தம்பியின் முகம் கறுத்துப்போனது உண்மைதான். ஆனால் அவருடைய அடுத்த படத்தில் அப்படியொரு இடம் வந்தபோது, கிணற்றுக் கப்பி கிறீச்சிடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை.

நல்லதையும் இதே கவனத்தோடு சொல்லவேண்டும். "சூப்பர்" என்ற சொல்லை வைத்து அவர் அடுத்த படத்தில் எதைச் செய்வது? "குசினி யன்னலால வந்த வெளிச்சம் அந்த ஆச்சியின்ர கையில விழுந்த இடம்" என்று சொல்லுங்கள். அதை அவர் வாழ்நாளில் மறக்கமாட்டார்.

இதைச் சொல்லாமல் விட்டதால் நாங்கள் ஏற்கனவே இழந்தது உண்டு. சிங்களத் திரையுலகின் பெரிய இயக்குநர் தர்மசேன பத்திராஜ, 1977இல் யாழ்ப்பாணத்தைக் களமாக வைத்து 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். சாதியையும் சீதனத்தையும் நேருக்கு நேர் பேசிய படம். வந்த காலத்தில் கூட்டம் சேரவில்லை. இன்றைக்கு அதை ஆய்வாளர்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் அன்று தியேட்டரில் இருந்து பார்த்த ஒரு சாதாரண யாழ்ப்பாணத்து ஆள், இந்தக் காட்சியில் எனக்கு இப்படி இருந்தது, இந்த இடத்தில் எழும்பிப் போக நினைத்தேன் என்று எழுதிவைத்த இரண்டு வரி கிடைத்தால் எவ்வளவு பெறுமதியாக இருக்கும்! கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்து 1972இல் வந்த 'குத்துவிளக்கு', செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978இல் வந்த 'வாடைக்காற்று' ஆகியவற்றுக்கும் இதையேதான் சொல்வேன்.

அந்தப் படங்களைத் தியேட்டரில் பார்த்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஐயாமாரே, அம்மாமாரே, உங்களில் யாராவது பார்த்திருந்தால், பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தொலைபேசியில் ஒரு குரல்பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்தத் தியேட்டர், யாரோடு போனீர்கள், எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது, பக்கத்தில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று அதையும் சொல்லுங்கள். இந்த நிலையத்துக்கே அனுப்பி வையுங்கள், நிகழ்ச்சிக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இளையவர்கள் இந்தக் கிழமை பார்த்த படத்திலிருந்து ஒரு காட்சியை அனுப்பலாம். புள்ளியும் போடுங்கள், பரவாயில்லை. காட்சியை முதலில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

நன்றி. வணக்கம்.